ஓவியர் பெயர் தவறாகிப் போனால் யார் பொறுப்பு: லண்டன், பாரிஸ், நியூயார்க் விற்பனைகள் ஓர் ஒப்பீடு

மறைந்த ஓவியர் ஒருவரின் பெயர் தாங்கிய படத்தைப் பெருந்தொகை கொடுத்து வாங்க நினைப்பவர் அதை லண்டனில் ஒரு கலைக்கூடத்தில் வாங்கலாம், அதே நகரின் பெரிய ஏல நிறுவனத்தில் எடுக்கலாம், பாரிஸ் ஏலத்துக்குப் போகலாம், அல்லது நியூயார்க்கில் ஒரு வணிகரிடம் வாங்கலாம். படமும் விலையும் ஒன்றாகவே இருந்தாலும், சில ஆண்டுகள் கழித்து "இது அவர் வரைந்ததே அல்ல" என்று ஓர் ஆய்வுக்கூடம் எழுதிக் கொடுக்கும்போது இந்த நான்கு இடங்களிலும் முடிவு வெவ்வேறாக இருக்கும். ஓரிடத்தில் கொடுத்த விலை முழுவதும் திரும்பக் கிடைக்கும். இன்னோரிடத்தில் வழக்குத் தொடுக்கும் காலமே முடிந்திருக்கும். வாங்குபவர்கள் படத்தின் நிலையைப் பற்றியும் விலையைப் பற்றியும் மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வாக்குறுதியின் மேல் வாங்குகிறோம் என்பதைப் பெரும்பாலும் பணம் கட்டிய பிறகே பார்க்கிறார்கள். அதை முன்னரே பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

படம் அவருடையதல்ல என்று நிரூபித்துவிட்டால் பணம் தானாகத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நான் ஒப்பிடும் எந்த நாட்டிலும் நிலைமை அப்படி இல்லை. விற்றவர் எதற்கு வாக்குக் கொடுத்தார், அந்த வாக்கை நம்பித்தான் வாங்கினீர்களா, அது தவறியதைக் கேட்க இன்னும் காலம் இருக்கிறதா என்று நீதிமன்றம் கேட்கும். மேலும், இத்தகைய தவறுகளில் பல நேர்மையானவை. குருவின் பட்டறையில் சீடர்கள் வரைந்த படங்களும், பிற்காலத்தில் யாரோ கையெழுத்தைச் சேர்த்த படங்களும், ஒரு தலைமுறை அறிஞர்கள் ஏற்றுக்கொண்டு அடுத்த தலைமுறை மறுத்த படங்களும் சந்தையில் நிறைய உண்டு. மோசடி நடந்திருந்தால் எந்த நாட்டிலும் ஏதோ ஒரு வழி திறந்திருக்கும். ஆகவே, நேர்மையான தவறின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

லண்டன் கலைக்கூடத்திலிருந்து தொடங்குகிறேன். 1944-இல் லீஃப் என்பவர் இன்டர்நேஷனல் கேலரீஸ் நிறுவனத்திடம் சால்ஸ்பரி தேவாலயத்தைக் காட்டும் ஓவியம் ஒன்றை 85 பவுண்டுக்கு வாங்கினார். ஜான் கான்ஸ்டபிள் வரைந்தது என்று விற்றவர்கள் சொன்னார்கள். ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து அதை விற்பதற்காகக் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்துக்குக் கொண்டுபோனபோதுதான் அது கான்ஸ்டபிளின் படமல்ல என்று அவருக்குத் தெரிந்தது. படத்தைத் திருப்பித் தருகிறேன், பணத்தைக் கொடுங்கள் என்று வழக்குத் தொடுத்தார். 1950-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்தது. இரு தரப்பும் தவறாக நம்பியது முக்கியமான ஒரு தன்மையைப் பற்றித்தான் என்பதை நீதிபதி டென்னிங் ஒப்புக்கொண்டார். ஆனால் எந்தப் படம் விற்கப்படுகிறது என்பதில் இருவருக்கும் குழப்பமில்லை என்பதால் ஒப்பந்தம் செல்லும் என்றும், ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு ஐந்து ஆண்டுகள் மிக அதிகம் என்றும் முடிவு செய்தார். லீஃப் இழப்பீடு கேட்டிருந்தால் வழக்கு வேறு மாதிரி போயிருக்கலாம். அவர் கேட்டது ரத்து மட்டுமே. வழக்கின் ஆரம்பத்தில் எந்தப் பரிகாரத்தைக் கேட்கிறோம் என்பது படத்தைப் போலவே முக்கியம் என்பதை இத்தீர்ப்பைவிடத் தெளிவாகக் காட்டும் இன்னொன்று எனக்குத் தெரியாது.

அதைவிட நெருங்கிப் பார்க்க வேண்டிய வழக்கு ஒன்று 1984-இல் நடந்த விற்பனையிலிருந்து வந்தது. லண்டனில் சமகால பிரிட்டிஷ் ஓவியங்களை விற்றுவந்த கிறிஸ்டோபர் ஹல் என்ற வணிகரிடம், ஜெர்மன் எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியரான கேப்ரியேல் மூன்டரின் பெயரில் இரண்டு படங்கள் விற்பனைக்கு வந்தன. பழைய ஏலப் பட்டியல் ஒன்று அவற்றை மூன்டருடையவை என்றே குறிப்பிட்டிருந்தது. அந்த மரபு ஓவியங்களைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை ஹல் மறைக்கவில்லை. ஜெர்மன் எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியங்களிலேயே தேர்ந்த ஹார்லிங்டன் அண்ட் லெய்ன்ஸ்டர் என்ற நிறுவனத்தை அழைத்தார். அதன் ஊழியர் நேரில் வந்து பார்த்தார். ஒரு படத்தை 6,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். விலைச்சீட்டில் ஓவியர் பெயர் மூன்டர் என்றே எழுதப்பட்டது. பின்னர் படம் போலி என்று தெரிந்தது. விலைச்சீட்டில் பெயர் எழுதியிருக்கும்போது பணம் திரும்ப வேண்டாமா என்று எவரும் கேட்பார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர், வேண்டியதில்லை என்றார்கள். வாங்கியவர் விற்றவரின் சொல்லை நம்பி வாங்கவில்லை, தன் சொந்த அறிவை நம்பி வாங்கினார். ஆகவே 1979-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் சொல்லும் விவரிப்பின்படியான விற்பனையாக இது ஆகவில்லை என்பது அவர்கள் கருத்து. மூன்றாமவரான நீதிபதி ஸ்டூவர்ட்-ஸ்மித், எழுதிய பெயர் எழுதிய பெயர்தான் என்ற நிலையில் நின்று மாறுபட்டார். என் மனம் அந்த மாறுபட்ட தீர்ப்பின் பக்கமே சாய்கிறது. ஆனாலும் இன்று வாங்குபவர் பெரும்பான்மைத் தீர்ப்பை மனத்தில் வைத்தே நடக்க வேண்டும்: விற்பவரைவிட அதிகம் தெரிந்தவராக நடந்துகொண்டால் அந்த அளவுக்குப் பாதுகாப்பு குறையும்.

தொழில்முறை வணிகராக இல்லாத தனிநபர் வாங்குபவரின் நிலை இதைவிடச் சற்று நன்றாக இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, வணிகர் கொடுத்த விவரிப்புக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும். இந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தில் எழுதி விலக்கிக்கொள்ளவும் முடியாது. நேர்மையாகச் சொன்ன தவறான கூற்றாக இருந்தாலும், அதை நம்பத் தனக்கு நியாயமான காரணம் இருந்தது என்று விற்றவர் நிரூபிக்காத வரை 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். ஒப்பந்த மீறலுக்கான காலவரம்பு ஆறு ஆண்டுகள். அது விற்பனை நாளிலிருந்து ஓடுகிறது. கவனக்குறைவின் பேரில் தொடுக்கும் வழக்குக்கு மட்டும், விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்ற கூடுதல் வாய்ப்பு உண்டு. அதற்கும் உச்சவரம்பு பதினைந்து ஆண்டுகள். கலைக்கூடத்தில் வாங்கிச் சுவரில் மாட்டி, ஏழாம் ஆண்டில் சந்தேகம் வந்தால், விற்றவர் கவனக்குறைவாக நடந்தார் என்று நிரூபிக்கும் கடினமான வேலை வாங்கியவர் தலையில் ஏறுகிறது.

லண்டனின் பெரிய ஏல நிறுவனங்கள் வேறு விதமான பேரத்தை முன்வைக்கின்றன. பட்டியலின் தலைப்பில் ஓவியர் பெயர், "பட்டறை", "பின்பற்றியவர்" போன்ற எந்தத் தகுதிச்சொல்லும் சேராமல் அச்சிடப்பட்டிருந்தால், விற்பனை நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு அந்த அடையாளத்துக்கு நிறுவனமே பொறுப்பேற்கிறது. பொய்த்தால் விற்பனையை ரத்து செய்து விலையைத் திருப்பித் தருகிறது. விற்ற உரிமையாளர் யார், எங்கே இருக்கிறார் என்று வாங்கியவர் தேட வேண்டியதில்லை. ஆனால் அந்த வாக்குறுதியின் கரைகள் கவனமாகக் கட்டப்பட்டவை. விலைச்சீட்டில் பெயருள்ள முதல் வாங்குபவருக்கு மட்டுமே அது பொருந்தும்; படத்தைப் பரிசாகக் கொடுத்தாலோ விற்றாலோ அடுத்தவருக்குப் போகாது. விற்பனை நாளில் அறிஞர்கள் பொதுவாக ஏற்ற கருத்தின்படி பட்டியல் எழுதப்பட்டிருந்து, பிறகு அந்தக் கருத்து மாறினால் பொறுப்பில்லை. அங்கீகரிக்கப்பட்ட நிபுணர்கள் இருவரின் எழுத்துக் கருத்தை வாங்கியவர் கொண்டுவர வேண்டும் என்று நிறுவனம் கேட்கலாம். திரும்பக் கிடைப்பது கொடுத்த விலை. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏறியிருக்க வேண்டிய மதிப்பு கிடைக்காது. ஆட்கள் நேரில் வந்து கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் பழைய பொருள் வாங்குபவரை, மேலே சொன்ன 2015 சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த வாக்குறுதி எவ்வளவு குறுகியது, அதே வேளையில் எவ்வளவு உதவக்கூடியது என்பதை இரண்டு தீர்ப்புகள் காட்டுகின்றன. 1987-இல் எகோன் ஷீலேயின் பெயரில் ஒரு படம் ஏறத்தாழ 5 லட்சம் பவுண்டுக்குக் கிறிஸ்டீஸ் ஏலத்தில் போனது. அடியில் ஷீலேயின் கை இருந்திருக்கலாம். ஆனால் பரப்பில் 94 விழுக்காடு வேறொருவர் மேற்பூசிய வண்ணம். மேற்பூச்சு மட்டும் நடந்திருந்தால் அது போலி என்ற வரையறைக்குள் வருமா என்பது கடினமான கேள்வியாக இருந்திருக்கும். பூசியவர் ஷீலேயின் பெயரெழுத்துகளையும் புதிதாக எழுதியிருந்தார். ஏமாற்றும் எண்ணம் அதில் வெளிப்பட்டது என்று கண்ட நீதிமன்றம், 1995-இல் வாங்கியவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முழு வழக்கும் படத்தின் மூலையிலிருந்த இரண்டு எழுத்துகளைச் சுற்றி நின்றது என்று சொன்னாலும் மிகையில்லை. 2012-இல் வந்த இன்னொரு தீர்ப்பு, போரிஸ் குஸ்தோதியேவின் பெயரில் 2005-இல் ஏறத்தாழ 17 லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்ட நிர்வாணப் பெண் ஓவியம் பற்றியது. வாங்கிய நிறுவனம் கவனக்குறைவு, தவறான கூற்று என்று பல கோரிக்கைகளை வைத்தது. விற்பனை விதிகளில் இருந்த பொறுப்பு மறுப்பு வாசகங்கள் அவற்றைத் தடுத்துவிட்டன. படம் குஸ்தோதியேவுடையதாக இருக்க வாய்ப்பு குறைவு என்று முடிவு செய்த நீதிபதி நியூவி, விற்பனையை ரத்து செய்து விலையைத் திரும்பப் பெறும் உரிமையை மட்டும் உறுதிசெய்தார். ஏல நிறுவனத்திடம் வாங்குபவருக்குக் கையில் இருப்பது அந்த உத்தரவாத வாசகம்தான். வேறு கதவுகள் திறக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அந்த வாசகம் நன்றாக வேலை செய்யும்போது வாங்கியவர் நீதிமன்றப் படியே ஏறாமல் பணத்தைப் பெறுகிறார். 2011-இல் சதபீஸ் ஏல நிறுவனம், ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்ததாகக் கருதப்பட்ட ஆண் உருவப்படம் ஒன்றை ஏலமின்றித் தனி விற்பனையாக ஓர் அமெரிக்கச் சேகரிப்பாளருக்கு 1 கோடியே 7.5 லட்சம் டாலருக்கு விற்றது. அதற்கு முன்பே பிரான்ஸ் அந்தப் படத்தைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்திருந்தது. லூவ்ர் அருங்காட்சியகம் வாங்க முயன்றிருந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து நடந்த ஆய்வில், 20-ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்த தாலோசயனின் நிறமி படத்தில் இருப்பது தெரிந்தது. ஹால்ஸ் இறந்தது 1666-இல். சதபீஸ் வாங்கியவருக்கு முழு விலையையும் திருப்பிக் கொடுத்தது. பிறகுதான் விற்றவர்களான மார்க் வைஸ் என்ற வணிகரின் நிறுவனத்தின் மீதும், அவரோடு முதல் போட்ட ஃபேர்லைட் நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுத்தது. வைஸ் சமரசமாகப் போனார். தான் முதலீட்டாளர் மட்டுமே, விற்பனை ஒப்பந்தத்தில் தனக்குப் பங்கில்லை என்ற ஃபேர்லைட்டின் வாதத்தை 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. தன் பங்கான 53.75 லட்சம் டாலரை அது தர வேண்டியதாயிற்று. நான்காண்டு நீதிமன்றப் போராட்டத்தின் சுமையை ஏல நிறுவனம் ஏற்றது, வாங்கியவர் ஏற்கவில்லை. லண்டன் ஏலத்தின் உண்மையான பலம் இதுவே என்று நான் மதிப்பிடுகிறேன்.

இங்கிலாந்துச் சட்டத்தில் பழகியவர்களுக்குப் பாரிஸ் வேறொரு உலகம். பிரெஞ்சு ஒப்பந்தச் சட்டம், பொருளின் இன்றியமையாத தன்மையைப் பற்றிய தவறான நம்பிக்கையால் கொடுத்த சம்மதத்தைச் சம்மதமாகவே கருதுவதில்லை; ஓவியத்துக்கு யார் வரைந்தார் என்பதைவிட இன்றியமையாத தன்மை எது? லீஃபுக்கு லண்டனில் மூடிய கதவு பாரிஸில் திறந்திருக்கும். ரத்து கேட்கும் காலம் விற்பனை நாளிலிருந்து ஓடாமல், தவறு தெரியவந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் ஓடுகிறது. விற்பனையிலிருந்து இருபது ஆண்டுகள் என்பது வெளிவரம்பு. ஏல நிறுவனத்தின் மீதான இழப்பீட்டு வழக்குக்கு மட்டும் ஏலநாளிலிருந்து ஐந்து ஆண்டுகளே உண்டு. ஆகவே பின்னாளில் தெரியும் தவறுக்கு விற்றவரைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

இதோடு, 1981 மார்ச் 3-ஆம் தேதி வெளியான ஓர் அரசாணை பட்டியல் மொழிக்கே சட்டப் பொருள் கொடுத்திருக்கிறது. வேறு எந்த நாட்டிலும் வாங்குபவருக்கு இவ்வளவு எளிதாகப் பயன்படும் ஆவணம் இருப்பதாக நான் பார்க்கவில்லை. படத்தின் பெயரோடு ஓவியர் பெயரை வெறுமனே எழுதினாலோ, அவர் கையெழுத்து இருக்கிறது என்று வேறு குறிப்பில்லாமல் சொன்னாலோ, அவரே வரைந்தார் என்ற உத்தரவாதம் அதில் அடங்கும். "இன்னாருடையதாகக் கருதப்படுவது" என்று எழுதினால், அவர் வாழ்ந்து வரைந்த காலத்துப் படம், அவரே வரைந்திருக்க வலுவான முகாந்திரம் உண்டு என்பதற்கு மட்டும் பொறுப்பு. "பட்டறை" என்றால் அவர் பட்டறையில் அல்லது அவர் மேற்பார்வையில் உருவானது. ஓர் ஓவியரின் "பள்ளி" என்றால், வரைந்தவர் அவருடைய சீடர், படம் அவர் வாழ்நாளிலோ மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்குள்ளோ உருவானது. "பாணியில்", "ரசனையில்" என்ற சொற்களுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பட்டியலைத் திறந்து அந்த ஒரு வரியைப் படித்தாலே எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்துவிடும். பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் இதை எவ்வளவு கண்டிப்பாகப் படிக்கிறது என்பதற்கு டானியல் ஸ்போரியின் படைப்பு பற்றிய 2005 தீர்ப்பு சான்று. ஸ்போரியின் அனுமதியோடும் சான்றிதழோடும் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் உருவாக்கிய படைப்பு அது. ஓவியரே ஒப்புக்கொண்டது என்ற காரணத்தால் மட்டும், ஸ்போரி கையால் உருவானது என்று நம்பி வாங்கியவரின் வழக்கைத் தள்ளிவிட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

ஆனால் பாரிஸின் பாதுகாப்பு இரண்டு பக்கமும் வெட்டும். 1968-இல் சான்-அரோமான் தம்பதி தங்கள் வீட்டு ஓவியம் ஒன்றை ஏலத்துக்குக் கொடுத்தார்கள். நிபுணர் அதைக் கராச்சி என்ற இத்தாலிய ஓவியர் குடும்பத்தின் பள்ளியைச் சேர்ந்தது என்று எழுதினார். 2,200 பிராங்குக்குப் போனது. அரசு தன் முன்னுரிமையைப் பயன்படுத்தி அதை எடுத்துக்கொண்டது. சில காலத்தில் லூவ்ர் அதை நிக்கோலா பூசேன் வரைந்ததாகக் காட்சிக்கு வைத்தது. தம்பதி வழக்குத் தொடுத்தார்கள். முதல் நீதிமன்றம் ரத்து செய்தது, மேல் நீதிமன்றம் மறுத்தது, உச்ச நீதிமன்றம் 1978-இலும் 1983-இலும் இருமுறை தலையிட்டது, 1987-இல் வெர்சாய் நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. படம் திரும்பக் கிடைத்தது. மறு ஆண்டே 74 லட்சம் பிராங்குக்கு விற்றது. தங்கள் படம் பூசேனுடையதாக இருக்க முடியாது என்ற தவறான நம்பிக்கையில்தான் விற்றார்கள் என்பதால் அவர்கள் சம்மதம் செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம்.

எதிர்த்தரப்பில் அரசு இருந்ததால் பலர் அத்தீர்ப்பை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். அடுத்த பூசேன் வழக்கு மனத்தை உறுத்துவது. 1986-இல் வெர்சாயில் நடந்த ஏலத்தில், எகிப்துக்குத் தப்பிச் செல்லும் புனிதக் குடும்பத்தைக் காட்டும் படம் ஒன்று "பூசேன் பட்டறை" என்ற குறிப்போடு 16 லட்சம் பிராங்குக்கு விற்கப்பட்டது. வாங்கிய வணிகச் சகோதரர்கள் அதைச் சுத்தம் செய்து, ஆய்வுக்கு உட்படுத்தி, அறிஞர்களிடம் கொண்டுபோய், பூசேனின் கையால் வரைந்தது என்பதை நிலைநாட்ட ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். விற்றவர் தரப்பு ரத்து கேட்டது. 2003-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2007-இல் அந்தப் படத்தை லியோன் அருங்காட்சியகம் 1 கோடியே 70 லட்சம் யூரோவுக்குப் பெற்றது. கண்டுபிடித்தவர்களின் கண்ணும் உழைப்பும் இல்லாமல் அந்த விலை ஏது? சட்டம் சம்மதத்தின் தூய்மையைக் காக்கிறது என்பது சரி. ஆனால் கவனிக்கப்படாத படத்தைத் தேடிக் கண்டெடுப்பவருக்குப் பாரிஸ் பாதுகாப்பான சந்தையல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு: இரு தரப்பும் சந்தேகத்தை ஏற்றுக்கொண்டே விற்று வாங்கியிருந்தால் ரத்து இல்லை. 1933-இல் "ஃபிராகொனாருடையதாகக் கருதப்படுவது" என்ற குறிப்போடு விற்கப்பட்ட "தாழ்ப்பாள்" என்ற ஓவியம் பின்னாளில் அவருடையதே என்று உறுதியாகி லூவ்ருக்குப் போனபோது, விற்றவரின் வாரிசுகள் கேட்ட ரத்தை நீதிமன்றம் 1987-இல் இந்தக் காரணத்தால் மறுத்தது.

இதே நிலை லண்டனில் எப்படி முடிகிறது என்று பார்த்தால் வேறுபாடு நன்றாகப் புலப்படும். 1985-இல் சர்ரே வட்டார ஏல நிறுவனம் ஒன்று வேட்டை நாய்களைக் காட்டும் இரண்டு சிறு படங்களை 840 பவுண்டுக்கு விற்றது. சில மாதங்களில் அவை ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்தவையாக சதபீஸில் 88,000 பவுண்டுக்குப் போயின. பழைய உரிமையாளர்கள் ஏல நிறுவனத்தின் மீது கவனக்குறைவு வழக்குத் தொடுத்து 1990-இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். சிற்றூர் ஏலதாரரைப் பொது மருத்துவரின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும், சிறப்பு மருத்துவரின் அளவுகோலால் அல்ல என்று நீதிமன்றம் கருதியது. 2006-இல் சதபீஸ் "கரவாஜ்ஜோவைப் பின்பற்றியவர்" என்று 42,000 பவுண்டுக்கு விற்ற சீட்டாட்டக்காரர் படத்தை, அறிஞர் டெனிஸ் மேஹன் கரவாஜ்ஜோ வரைந்ததே என்று அறிவித்தபோதும் அப்படியே ஆனது: 2015-இல் ஏல நிறுவனம் கவனக்குறைவாக நடக்கவில்லை என்று முடிவாயிற்று. இந்த இரண்டு வழக்குகளிலும் விற்றவர்கள் ஏல நிறுவனத்தைத்தான் துரத்தினார்கள். வாங்கியவரின் கையிலிருந்த படத்துக்கு ஆபத்து வரவில்லை.

நியூயார்க்கில் வாக்குறுதி மிகவும் வலுவானது, கடிகாரம் மிகவும் கடுமையானது. அந்த மாநிலத்தின் கலை, பண்பாட்டு விவகாரச் சட்டப்படி, ஓவிய வணிகர் ஒருவர் வணிகரல்லாத ஒருவருக்கு விற்கும்போது விலைச்சீட்டிலோ சான்றிதழிலோ ஓவியர் பெயரை எழுதினால் அதுவே வெளிப்படையான உத்தரவாதம். அது வெறும் கருத்துதான் என்று பின்னால் சொல்லித் தப்ப முடியாது. ஹார்லிங்டன் வழக்கில் வந்த சிக்கல் ஒரு தனிநபருக்கு இங்கே எளிதில் வராது. ஆனால் உத்தரவாத மீறலுக்கான காலம் படம் கைக்கு வந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகள். தவறு எப்போது தெரிந்தது என்பது கணக்கில்லை. 1968-இல் ஜான் சிங்கர் சார்ஜன்ட் வரைந்ததாக 15,000 டாலருக்கு விற்கப்பட்ட ஒரு படத்தின் விலைச்சீட்டில் முழு உத்தரவாதம் எழுதப்பட்டிருந்தது. 1987-இல் விற்க முயன்றபோது அது சார்ஜன்ட் அல்ல என்று தெரிந்தது. உத்தரவாதத்தின் மீதான கோரிக்கை காலாவதியாகிவிட்டது என்று 1990-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஓவியத்தை ஆண்டுதோறும் யாரும் நிபுணரிடம் காட்டுவதில்லை. அதைத் தெரிந்துகொண்டும் இந்த விதி மாறாமல் நிற்பது வாங்குபவருக்கு அநியாயமே.

நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டால் மோசடியை நிரூபித்தாக வேண்டும். 1846-இல் தொடங்கி 2011-இல் மூடப்பட்ட நோட்லர் கலைக்கூடத்தின் கதை அதற்குச் சான்று. குவீன்ஸ் பகுதியில் ஒருவர் வரைந்த, ராத்கோ, பொல்லாக், மதர்வெல் ஆகிய அமெரிக்க ஓவியர்களின் பெயர்களைத் தாங்கிய 60-க்கும் மேற்பட்ட போலிகள் நியூயார்க்கின் இரண்டு விற்பனைக்கூடங்கள் வழியாக மொத்தம் சுமார் 8 கோடி டாலருக்குப் போயின. 2004-இல் 83 லட்சம் டாலருக்கு ராத்கோ பெயரிலான படம் ஒன்றை வாங்கிய டொமெனிகோ டி சோலே தம்பதி, கலைக்கூடத்துக்கு உண்மை தெரிந்திருந்தது என்று காட்டும் பெரும் வழக்கை நடத்த வேண்டியிருந்தது. 2016-இல் ஜூரி விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே சமரசமானது. அதே கலைக்கூடத்தில் பொல்லாக் ஒன்றை 20 லட்சம் டாலருக்கு வாங்கிய வேறொருவர் நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை. இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷன் ஃபார் ஆர்ட் ரிசர்ச் என்ற சுயேச்சை அமைப்பு படத்தை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் 2001-இல் வாங்கியிருந்தார். அந்த அமைப்பு 2003-இல் ஏற்க மறுத்தது. கலைக்கூடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஒப்பந்தத்தில் எழுதிய ஒரே ஒரு வாக்கியம், ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கு செய்ததைவிட அதிகம் செய்தது.

இந்த நான்கில் எதைத் தேர்வது என்பது என்ன வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. உறுதியான பெயருக்கு முழு விலை கொடுத்து, நெடுங்காலம் வைத்திருக்கும் எண்ணத்தோடு பழைய ஓவியர் ஒருவரின் படத்தை வாங்குபவருக்கு நான் பாரிஸைத்தான் பரிந்துரைப்பேன். தவறு தெரிந்த நாளிலிருந்து கணக்கு தொடங்குவதும், பட்டியல் சொற்களுக்குச் சட்டமே பொருள் சொல்வதும் சேர்ந்து, பொறுமையாக வாழும் ஒரு சேகரிப்பாளருக்கு மிகவும் ஏற்றவை. ரஷ்ய முன்னோடிகள், அமெரிக்க அப்ஸ்ட்ராக்ட் ஓவியர்கள் போலப் போலிகள் மலிந்த, நிறமி ஆய்வால் எளிதில் பிடிபடக்கூடிய படங்களுக்கு லண்டன் ஏலமே நல்லது. ஆனால் உத்தரவாதம் முடியுமுன், அதாவது நான்காம் ஆண்டுக்குள், சொந்தச் செலவில் ஆய்வு செய்துவிட வேண்டும். அந்தச் செலவை வாங்கும் விலையின் ஒரு பகுதியாகவே கணக்கிட வேண்டும். பெயர் தெரியாத படத்தில் பெரிய ஓவியர் ஒளிந்திருக்கிறார் என்ற தன் கண்ணின் மேல் பந்தயம் கட்டுபவர் லண்டனுக்குப் போகட்டும். பாரிஸில் அந்தப் பந்தயத்தில் வென்றாலும் படம் கையில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

கலைக்கூடத்தில், லண்டனோ நியூயார்க்கோ, வாங்கியே தீர வேண்டியிருந்தால் சட்டம் கொடுப்பதோடு நின்றுவிடாமல் ஒப்பந்தத்தை எழுதி வாங்க வேண்டும். ஓவியர் பெயருக்கு விற்பவரே வெளிப்படையாகப் பொறுப்பேற்கிறார், வாங்குபவர் அவர் சொல்லை நம்பியே வாங்குகிறார் என்று இரண்டு வரி இருந்தாலே ஹார்லிங்டன் வழக்கின் வாதம் தளர்ந்துவிடும். பெயர் குறிப்பிட்ட ஓர் ஆய்வாளர் அல்லது அந்த ஓவியரின் முழுப் படைப்புப் பட்டியலைத் தொகுக்கும் குழு ஏற்காவிட்டால் குறிப்பிட்ட காலத்துக்குள் பணம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கலாம். விற்பவர் முதலாளியாக விற்கிறாரா, வேறொருவருக்காக விற்கிறாரா, வேறு யாரேனும் முதல் போட்டிருக்கிறார்களா என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். ஹால்ஸ் வழக்கில் இரண்டாவது பாதிப் பணம் கிடைத்தது அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் சொன்ன பதிலால்தான். இந்த வாசகங்களில் கையெழுத்திட மறுக்கும் வணிகர், படத்தின் மீது தனக்கே எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதை விலை பேசுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்.